பெட்டில 12+1, உள்ள எண்ணிப் பாத்தா ஆறு

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பழைய மீன்பிடி ரீல் ஒருவழியா ஒழுங்கா சுத்துச்சு. ஒழுங்கான்னா கைப்பிடி பின்னாடி வழுக்கல, டிராக் (மீன் இழுத்தா நரம்ப, அதாவது தூண்டில் நூல, அளவா விட்டுக் குடுக்கற பிரேக்) விக்கல் எடுக்கல, அவ்ளோதான். உள்ள கரகரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு, அது போகவே போகாது, ஏன் போகாதுன்னு புரியறதுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு. நடுவுலயே பொறுமை போயி விலை கூடுன ரீல் ஒண்ணும் வாங்கிட்டேன், இப்ப ரெண்டும் ஒரே மேசைல கிடக்கு. மலிவா வாங்கலாமா காசு போட்டு வாங்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சத எழுதி வைக்கறேன்.

பழசு 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். 14 மாசம் உழைச்சுது, வாரத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆறு கடல்ல சேர்ற இடத்துல, அதாவது உப்புத் தண்ணி. அத ஏன் வாங்குனேன்னா பெட்டில போட்டிருந்த மூணு விஷயத்துக்காக: 12+1 பேரிங், 15 கிலோ மேக்ஸ் டிராக், எடை கம்மி. இந்த மூணுமே பாத்து ஏமாற வேண்டிய நம்பர்னு அப்ப தெரியாது.

பிரச்சனை வந்தது மூணு விதமா. லூர்ல, அதாவது பொய் இரைல, மீன் அடிச்சதும் ராடை வெட்டி இழுத்தா கைப்பிடி அரைச் சுத்து பின்னாடி ஓடி விரல் முட்டில அடிக்கும். லேசா பாரம் ஏறுனாலே மணல் அரைக்கற மாதிரி சத்தம். மூணாவதுதான் வலிச்சது, ஒரு பாறை மீன் மாட்டி முதல் ஓட்டத்துலயே டிராக் ஒரு நொடி ஒட்டிக்கிட்டு அப்புறம் தடக்குனு விட்டுச்சு, அந்த ஒரு நொடிலயே லீடர், அதாவது நரம்பு நுனில கட்டுற தனித் துண்டு, முடிச்சுகிட்ட அறுந்து போச்சு. பக்கத்துல நின்ன அண்ணன், "தம்பி, கடைசியா டிராக்கை கையால இழுத்துப் பாத்தது எப்ப?"ன்னார். பதில் சொல்ல முடியல. வீட்ல வைக்கும்போது டிராக்கை முறுக்குனபடியே வெச்சிருந்தேன், 14 மாசமும்.

சரி, பிரிச்சுப் பாத்துடுவோம்னு உக்காந்தேன். எடுத்து வெச்சது: சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு சைஸ், 12 ஸ்பேனர், சாமணம், வெர்னியர் காலிப்பர், முட்டை வைக்கற அட்டை ஒண்ணு. குழிக்குழியா இருக்கற அந்த அட்டைதான் எல்லாத்தையும் விட உபயோகமா இருந்துச்சு, கழட்டுற வரிசைல ஒவ்வொரு குழிலயும் ஒரு பாகம், திருப்பி மாட்டும்போது கடைசிக் குழில இருந்து ஆரம்பிச்சா போதும். கூடவே ஒவ்வொரு படிலயும் ஒரு போட்டோ.

நரம்பு சுத்தியிருக்கற ஸ்பூல் கழட்டுனேன், கைப்பிடி கழட்டுனேன், ஸ்பூலச் சுத்தி வர்ற ரோட்டரோட நட்டுக்கு வந்தேன். அதப் பூட்டி வெச்சிருக்கற குட்டி ஸ்க்ரூவ எடுத்துட்டு ஸ்பேனர் போட்டு வழக்கமான பக்கம் திருப்புறேன், அசையல. இன்னும் பலமா திருப்புறேன், அசையல. அப்புறம்தான் மரமண்டைக்குப் புரிஞ்சுது, என் ரீல்ல அந்த நட்டுக்கு இடது மரை. இவ்ளோ நேரம் நான் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். எல்லா ரீல்லயும் இப்படி இருக்காது, ஆனா அசையலன்னா எதிர்ப் பக்கம் ஒரு தடவை லேசா முயற்சி பண்ணிட்டு அப்புறமா பலத்தக் காட்டுங்க. பக்கவாட்டு மூடில ஒரு ஸ்க்ரூவோட தலை மழுங்கிப் போச்சு, அதுக்கும் என் அவசரம்தான் காரணம், டிரைவர் நுனி பொருந்தாமலே திருகிட்டேன்.

உள்ள பாத்தா கிரீஸ் அங்கங்க காஞ்சு பழுப்பா இருந்துச்சு, சில இடத்துல வெள்ளையா மாவு மாதிரி, அலுமினியம் உப்புல பூத்தது. சும்மா கிரீஸ் இல்லாததுதான் வியாதின்னு முடிவு பண்ணி, தொடச்சுட்டு எல்லா இடத்துலயும் புது கிரீஸ அள்ளி அப்புனேன். பல் சக்கரம், பேரிங், நரம்பு திரும்பற குட்டி உருளையான லைன் ரோலர், கைப்பிடி பின்னாடி சுத்தாம பிடிக்கற ஒன்வே கிளட்ச், ஒண்ணையும் விடல. மாட்டி சுத்துனா வெண்ணெய் மாதிரி போகுது. சந்தோஷமா தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் முதல் வீச்சுலயே கைப்பிடி ரெண்டு பக்கமும் சுத்துச்சு. முன்ன அரைச் சுத்து வழுக்குனது இப்ப தடையே இல்லாம பின்னாடி ஓடுது.

காரணம் கிளட்சுக்குள்ள போன கிரீஸ். அதுக்குள்ள சின்னச் சின்ன இரும்பு உருளைங்க, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி முடி மாதிரி ஸ்ப்ரிங். பின்னாடி சுத்த முயற்சி பண்ணும்போது அந்த உருளைங்க சரிவான இடத்துல போய் ஆப்பு மாதிரி சிக்கிக்கணும், அப்பத்தான் கைப்பிடி நிக்கும். கெட்டி கிரீஸ் இருந்தா உருளை நகராம மெதக்குது, சிக்கறதே இல்ல. முதல்லயே வழுக்குனதும் இதாலதான் இருக்கணும், பேக்டரி கிரீஸ் கசிஞ்சு அங்க போயிருந்துச்சு, அதுல நான் வேற இன்னும் கொஞ்சம் ஊத்திவிட்டேன்.

மறுபடி பிரிச்சேன். இந்தத் தடவை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல கிளட்சை ஊறப்போட்டு, காது குடையற பட்ஸால தொடச்சு எடுக்கும்போது ஒரு உருளை துள்ளி கீழ விழுந்துச்சு. நாப்பது நிமிஷம் தரையில தவழ்ந்து, கடைசில பழைய ஸ்பீக்கர்ல இருந்த காந்தத்த துணில சுத்தி தரையெல்லாம் இழுத்துக் கண்டுபிடிச்சேன். காய வெச்சு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், ஊசி முனைல எடுத்து விட்டது, அவ்ளோதான். மாட்டுனதும் கைப்பிடி கல்லு மாதிரி நின்னுச்சு. முதல் வியாதி தீர்ந்துச்சு, செலவு கிட்டத்தட்ட இல்ல.

இதே பிரிப்புலதான் பேரிங்க எண்ணுனேன். பெட்டில 12+1, இதுல அந்த +1 ஒன்வே கிளட்ச், அது சரி. மீதி 12 எங்கன்னு தேடுனா கைப்பிடி குமிழ்ல 2, மெயின் கியருக்கு ரெண்டு பக்கமும் 2, மெயின் கியர் சுத்தற சின்ன கியரான பினியனுக்கு 1, ஸ்பூலுக்கு அடில 1. மொத்தம் ஆறு. மத்த இடத்துல எல்லாம் பிளாஸ்டிக் புஷ்ஷு (குண்டு இல்லாத வெறும் வளையம்), அதையும் எண்ணிக்கைல சேத்தாங்களான்னு தெரியல, சேத்தாலும் 12 வரல. முக்கியமா பேரிங் இருந்தே ஆக வேண்டிய லைன் ரோலர்ல இல்ல.

இங்க ஒரு விஷயம். இந்த வகை ரீல்ல ஸ்பூல் நிக்குது, ரோட்டர்தான் சுத்தி சுத்தி நரம்பைச் சுத்துது. 1905ல இல்லிங்வொர்த்னு ஒரு நூற்பாலை முதலாளி இங்கிலாந்துல பேடன்ட் வாங்குன யோசனை, நூல் கண்டு அசையாம இருக்க நூல் மட்டும் நுனி வழியா உருவிட்டுப் போறத பாத்தா இது ஏன் ஒரு நூற்பாலைக்காரருக்குத் தோணுச்சுன்னு புரியும். வீசறதுக்கு அருமையான ஏற்பாடு, ஆனா திருப்பி இழுக்கும்போது நரம்பு லைன் ரோலர்ல செங்கோணமா திரும்பித்தான் ஸ்பூலுக்குப் போகணும். மீனோட மொத்த பாரமும் அந்தக் குட்டி உருளை மேல. அது சுத்தலன்னா நரம்பு தேயும், முறுக்கேறும். எனக்கு மாசாமாசம் நரம்பு சிக்கு விழுந்ததுக்கு காத்தையும் நரம்பையும் திட்டிக்கிட்டு இருந்தேன், அங்க பாத்தா பிளாஸ்டிக் புஷ்ஷுல ஒரு பக்கமா பள்ளமே விழுந்திருக்கு.

காலிப்பர்ல அளந்தேன், உள் துளை 4, வெளிய 7, அகலம் 2.5 மில்லிமீட்டர். இந்த அளவுல பேரிங் சாதாரணமா கிடைக்குது, பத்து சேந்த பாக்கெட்டாத்தான் கிடைச்சுது, வாங்கிட்டேன். பினியன் பேரிங்கும் துருப்பிடிச்சு கையால சுத்துனாலே கரகரன்னுச்சு, அது 7, 14, 5. தேடுனா 687னு நம்பர் வருது, உடனே ஆர்டர் போட்டேன். வந்தத வெச்சா உள்ள லொடலொடன்னு ஆடுது. அளந்தா அகலம் 3.5. 687ல மூடி இல்லாதது 3.5, ரெண்டு பக்கமும் மூடி வெச்சது 5, அந்தப் பின்குறிப்பப் படிக்கல நான். திரும்ப ஆர்டர், இன்னும் ஆறு நாள். நம்பர நம்பாதீங்க, மூணு அளவையும் மில்லிமீட்டர்ல பாத்து வாங்குங்க.

அடுத்தது டிராக். ஸ்பிரிங் தராசு ஒண்ண நரம்புல கட்டி நேரா இழுத்து அளந்தேன். என் லீடர் 15 பவுண்டு, கிலோல 6.8, அதுல கால் பங்கு, 1.7 கிலோல டிராக் விடணும்னு கணக்கு. பழைய வாஷரோட முதல் இழுப்புல முள் 3.9 வரைக்கும் போயி அப்புறம்தான் ஸ்பூல் நகர்ந்துச்சு, நகர்ந்ததும் 1.5, திரும்ப 2.8, திரும்ப கீழ. முடிச்சு ஏன் போச்சுன்னு அந்த முள் ஆடுனதப் பாத்தே தெரிஞ்சுச்சு. உள்ள இருந்தது ஃபெல்ட் வாஷர், கம்பளி மாதிரி, முறுக்குனபடியே கிடந்து நசுங்கி மேல பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு.

கார்பன் ஃபைபர் ஷீட் ஒரு சின்னத் துண்டு வாங்கி பழைய வாஷர மேல வெச்சு வெள்ளைப் பென்சிலால வரைஞ்சு கத்தரிக்கோலால வெட்டுனேன். முதல் செட் வீண், ஷீட் 1 மில்லிமீட்டர் கனம், நசுங்குன ஃபெல்ட் 0.7தான், மூணு சேந்ததும் அடுக்கு ஒசந்து போயி டிராக் நாப் மரைல ரெண்டு சுத்துதான் பிடிக்குது. 0.5 ஷீட் வாங்கி திரும்ப வெட்டுனேன். வெட்டுன ஓரத்த வாட்டர் பேப்பர்ல (ஈரத்துல தேய்க்கற உப்புத்தாள்) லேசா தேச்சு விடணும், இல்லன்னா நார் நாரா பிரியும், அந்தத் தூசிய மூக்குல இழுக்காதீங்க, ஈரமா தேயுங்க. கார்பன், இரும்பு, கார்பன், இரும்புன்னு பழைய போட்டோவப் பாத்து அதே வரிசைல அடுக்குனேன், நடுவுல டிராக் கிரீஸ் பூசிட்டு தொடச்சே எடுத்துடணும், பளபளப்பு மட்டும் மிச்சம் இருந்தா போதும். இப்ப தராசு முதல் இழுப்புல 1.9, ஓடும்போது 1.7. முழு ரிப்பேர்லயும் எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்தது இந்த ரெண்டு நம்பர்தான்.

இந்த இடத்துல அந்த 15 கிலோ மேக்ஸ் டிராக்கப் பத்தி. 4000 சைஸ்ல பெரும்பாலும் போடறது 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அது 9 கிலோ. லீடர் இல்லாம பிரெய்டையே கணக்கு வெச்சாலும் டிராக் ரெண்டரை கிலோவ தாண்டாது. 15 கிலோ எதுக்கு? அந்த பாரத்துல ராடு தாங்கினாலும் ரீலோட பாடி தாங்காது. தாங்காதுன்னு எப்படித் தெரியும்னா அதுதான் மூணாவது வியாதி, கரகரப்பு.

புது பினியன் பேரிங் போட்டதும் கரகரப்பு பாதி குறைஞ்சுது, மீதி அப்படியே. மெயின் கியர் பல்லு மேல கருப்பு மார்க்கர் பூசி, மாட்டி, கொஞ்சம் பாரம் குடுத்து இருபது சுத்து சுத்திட்டுத் திறந்து பாத்தேன். மை அழிஞ்சது பல்லோட வெளி ஓரத்துல மூணுல ஒரு பங்கு மட்டும். பல்லு முழுசா கவ்வல, நுனில மட்டும் உரசுது. கியருக்குப் பின்னாடி 0.1 மில்லிமீட்டர் ஷிம் (இடைவெளிய நிரப்பற மெல்லிய வளையம்) ஒண்ணு கூடச் சேத்தேன், சும்மா சுத்தும்போது அழகா போச்சு, ஆனா ஒரு சுத்துக்கு ஒரு இடத்துல இறுகுது, கியரே வட்டம் சரியில்லன்னு அர்த்தம். 0.05க்கு மாத்துனேன், இறுக்கம் போச்சு, கரகரப்பு திரும்பி வந்துச்சு. ரெண்டு சாயங்காலம் இதுலயே போச்சு.

அப்புறம் ரீல் காலை துணி சுத்தி வைஸ்ல பிடிச்சு, டிராக்க முழுசா முறுக்கி, நரம்புல மூணு லிட்டர் தண்ணி கேன தொங்கவிட்டேன். பக்கவாட்டு மூடிக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு வெள்ளைத் தாள செருகிப் பாத்தேன். பாரம் இல்லாதப்ப தாள் நுழையல. பாரம் ஏறுனதும் நுழைஞ்சுது. அதாவது மூணு கிலோக்கே பிளாஸ்டிக் பாடி முறுக்கிக்கிட்டு கியர் ரெண்டும் விலகுது. ஷிம் போட்டு இத சரி பண்ண முடியாது, கியர் தேயறதுக்கும் காரணம் இதுதான். கியர் மட்டும் மாத்தலாம்னு பாத்தா ஸ்பேர் கிடையாது, பெட்டில பாக வரைபடமே குடுக்கல.

இந்தத் தாள் நுழைஞ்ச அன்னிக்குத்தான் புது ரீல் வாங்க முடிவு பண்ணேன். பழசோட விலை ஒண்ணுன்னா இது மூணரை.

இந்தத் தடவை பெட்டி நம்பரப் படிக்கல. கைல எடுத்து கைப்பிடிய ரொம்ப மெதுவா சுத்துனேன், வேகமா சுத்துனா எந்த ரீலும் நல்லாத்தான் இருக்கும், மெதுவா சுத்தும்போதுதான் பல்லு பல்லா விரலுக்குத் தெரியும். அப்புறம் கைப்பிடிய மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தேன். கைப்பிடி நேரா கியருக்குள்ள மரை போட்டு ஏறுதா, இல்ல மறுபக்கம் இருந்து ஒரு ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிக்குதான்னு பாத்தேன், நேரா ஏறுறதுல ஆட்டம் கம்மி. பாடிய ரெண்டு கையாலயும் முறுக்கிப் பாத்தேன், கடைக்காரர் மொறச்சார். டிராக்க லேசா வெச்சு நரம்ப மெதுவா இழுத்து ஒட்டிக்கிட்டுக் கிளம்புதான்னு பாத்தேன். பெட்டில பாக நம்பரோட வரைபடம் இருக்கான்னு பாத்தேன், இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அடுப்படித் தராசுல வெச்சா பழசு 318 கிராம், புதுசு 402. எடை கம்மின்னு நான் பெருமைப்பட்டது பாடில உலோகம் இல்லாததத்தான். வெறும் எடையப் பாத்தும் முடிவு பண்ணக்கூடாது, இன்னும் மேல போனா ஷிமானோவோட சிஐ4 பிளஸ், டைவாவோட ஜையான் மாதிரி கார்பன் கலந்த பாடி லேசாவும் இருக்கும் விறைப்பாவும் இருக்கும், அதுக்கு விலையும் அப்படி. பேரிங் இதுல 6+1தான், பெட்டில போட்டதும் அதேதான், லைன் ரோலர்ல ஒண்ணு இருக்கு. வாரண்டி போயிடுமேன்னு பயந்து முழுசா பிரிக்கல, ஸ்பூல், கைப்பிடி, ரோலர் வரைக்கும்தான். வைஸ்ல வெச்சு அதே மூணு லிட்டர் கேன், அதே தாள். நுழையல. அஞ்சு லிட்டர் கேன் தொங்கவிட்டேன், அப்பவும் நுழையல.

ஆனா எல்லாத்துலயும் புதுசு ஜெயிச்சுடல. வீசற தூரம் பாத்தேன், ஒரே ராடு, ஒரே பிரெய்டு, 28 கிராம் லூர், ரீலுக்குப் பத்து வீச்சு, திருப்பிச் சுத்தற சுத்த எண்ணி பெட்டில போட்ட ஒரு சுத்து நீளத்தால பெருக்குனது, ஸ்பூல் காலியாக ஆக ஒரு சுத்துக்கு வர்ற நீளம் குறையும், அதனால இது தோராயம்தான். முதல் நாள் புதுசு 64 மீட்டர், பழசு 55. காசுக்குத் தகுந்த தூரம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா பழைய ஸ்பூல்ல நரம்பு விளிம்புல இருந்து 5 மில்லிமீட்டர் கீழ கிடக்கு, வெட்டி வெட்டிக் குறைஞ்சது. அடில மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு) கொஞ்சம் சேத்து சுத்தி விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் வரைக்கும் நிரப்பி மறுநாள் வீசுனா 62. ரெண்டு மீட்டர் வித்தியாசம், அது என் தோள்பட்டைலயே வந்திருக்கும். தூரத்துக்காக விலை கூடுன ரீல் வாங்காதீங்க, ஸ்பூல நிரப்புங்க.

வீசும்போது திறந்து, சுத்தும்போது மூடற பெயில் கம்பியும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே தரம்தான், ரெண்டையும் கையாலதான் மூடறேன்.

செலவு. பேரிங் பாக்கெட், தப்பா வந்த 687, சரியா வந்த 687, ரெண்டு தடவை கார்பன் ஷீட், ஆல்கஹால், ரெண்டு வகை கிரீஸ், எண்ணெய், எல்லாம் சேத்து பழைய ரீல் விலைல பாதியத் தாண்டிடுச்சு. என் தப்பால ஆன செலவு மட்டும் அதுல மூணுல ஒரு பங்கு இருக்கும். காலிப்பரும் தராசும் தனி, அத கணக்குல சேக்கல, சேத்தா மனசு கஷ்டமா இருக்கும். இதுக்கு பதிலா நேரா நல்லத வாங்கியிருக்கலாமேன்னு கேட்டா, பேரிங், டிராக் வாஷர் ரெண்டும் எந்த ரீல்லயும் பின்னாடி மாத்திக்கலாம், பாடியும் கியரும் வாங்கற அன்னிக்கு வந்ததுதான். முன்னமே தெரிஞ்சிருந்தா பெட்டில 5+1னு போட்டிருந்தாலும் உலோக பாடி இருக்கற நடு விலை ரீல முதல்லயே எடுத்து, லைன் ரோலர மட்டும் அன்னிக்கே திறந்து பாத்திருப்பேன்.

ரொம்ப மேல, ஷிமானோவோட ஸ்டெல்லா, டைவாவோட எக்ஸிஸ்ட் மாதிரி ரகம், நான் தொடல. என்னை மாதிரி தானே பிரிச்சுப் பாக்கற ஆளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: டைவாவோட மேக்சீல் இருக்கற ரீல்ல காந்த எண்ணெய்தான் தண்ணிய தடுக்குது, அங்க ஆல்கஹால் விட்டுக் கழுவுனா அதோட முடிஞ்சுது, வீட்ல திரும்ப நிரப்ப முடியாது.

பழசு இப்ப குளத்துக்குப் போகுது. மண்புழு, சின்ன ஈயம், ஒரு கிலோவுக்குள்ள மீன், அந்த வேலைக்கு அதோட பாடி முறுக்கறதே இல்ல, நல்ல தண்ணில துருவும் கம்மி. புதுசு கடலுக்கு. வந்ததும் டிராக்க இறுக்கிட்டு நல்ல தண்ணிய பூவாளி மாதிரி லேசா தெளிச்சு, வேகமா பீச்சி அடிக்காம, தொடச்சு, காஞ்சதும் டிராக்க முழுசா தளர்த்தி வைக்கறேன், இத மட்டும் மறக்கறதில்ல.

போன வாரம் புதுசுல இருந்து ஒரு கீச் சத்தம், பிரெய்டு இழுக்கும்போது மட்டும். லைன் ரோலர். அதே ஸ்க்ரூ டிரைவர், அதே முட்டை அட்டை, கழட்டி பேரிங்க வெளிய எடுத்தேன், உப்பு ஏறி இறுகிப் போயிருந்துச்சு. காலிப்பர வெச்சேன். 4, 7, 2.5. பாக்கெட்ல இன்னும் ஒம்பது இருக்கு.